பனா கசோண்டேயின் ஸ்டேப்ளர்

"டக்."

பெஞ்சில் இருந்த ஏழு பெண்களும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். பனா கசோண்டே அந்த ஸ்டேப்ளரை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி இன்னொரு தடவை அழுத்தினாள். உள்ளே பின் கிடையாது, வெறும் சத்தம்தான்.

"கேட்டுக்கிட்டீங்களா? உள்ளே போனா இந்தச் சத்தம்தான் வரும். துப்பாக்கி கிப்பாக்கின்னு யாராவது சொல்லியிருப்பாங்க, நம்பாதீங்க. குதிக்கிறவங்க எல்லாம் இங்கேயே குதிச்சு முடிச்சிருங்க. உள்ளே போய்க் குதிச்சா டாக்டரம்மா கையில இருக்கிற ஊசி எங்கேயோ போகும். அப்புறம் திட்டு வாங்குறது நான்."

டக். டக். நாலாவது சத்தத்துக்கு மூன்று பேர்தான் அசைந்தார்கள். ஏழாவது சத்தத்துக்குக் கடைசியில் இருந்த கிழவி கொட்டாவி விட்டாள். பனா கசோண்டே திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு ஸ்டேப்ளரை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது ரெக்கார்டு ரூமிலிருந்து வந்த ஸ்டேப்ளர். அங்கிருக்கும் குமாஸ்தா நாலு வருஷமாக அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாலு வருஷமாக "நாளைக்கு" என்று பதில் போய்க்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை என்றால் ஒன்பதாம் நம்பர் அறையில் மார்புக் கட்டிகளுக்கு ஊசி போட்டுச் சதை எடுக்கும் நாள். பனா கசோண்டே அங்கே நர்ஸ் இல்லை, ஆயா. தரையைத் துடைப்பது, கட்டிலுக்கு விரிப்புப் போடுவது, கிண்ணங்களைக் கழுவுவது என்றுதான் அவளுக்கு எழுதிக் கொடுத்த வேலை. பெஞ்சு முன்னால் நின்று பாடம் நடத்தச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் நடத்த ஆரம்பித்த பிறகு உள்ளே குதிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது டாக்டர் இனோங்கேயின் கண்ணில் பட்டுவிட்டது. அந்த டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் போகிற போக்கில், "பனா கசோண்டே, ஸ்டேப்ளர் காட்டியாச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது ஆஸ்பத்திரி நடைமுறை ஆகிவிட்டது.

சொந்தப் பெயர் அகதா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். மூத்த மகன் கசோண்டே பிறந்த அன்றே அவள் கசோண்டேயின் அம்மா, பனா கசோண்டே ஆகிவிட்டாள். அவன் இப்போது எல்லைவரை லாரி ஓட்டுகிறான். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, நல்ல கனத்த உடம்பு. நடக்கும்போது இடுப்பில் சுற்றிய சித்தெங்கே துணி சரசரக்கும். அதை வைத்தே அவள் எந்த வராந்தாவில் வருகிறாள் என்று சொல்லிவிடலாம். ஏப்ரன் பை எப்போதும் கர்ப்பிணி வயிறுதான். உள்ளே ஊக்குகள், இஞ்சி மிட்டாய், துணியில் முடிந்த வறுத்த வேர்க்கடலை, அட்டை கிழிந்த ஞானப்பாட்டுப் புத்தகம், எட்டு வருஷத்துக்கு முன் இடித்துத் தள்ளிய ஒரு கக்கூஸின் சாவி. "கக்கூஸ்தான் இல்லையே, சாவி எதுக்கு?" என்று கேட்டால், "சாவியை யாரும் திரும்பக் கேக்கலியே" என்பாள்.

வருகிறவர்களிடம் அவளுக்கு ஆயிரம் சண்டை உண்டு. அக்குளில் பவுடர் அப்பிக்கொண்டு வந்தவளைக் குழாயடிக்கு விரட்டுவாள். பட்டினியாக வருகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வரும். சபை மக்களோடு மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு ஒருத்தி நேராக பெஞ்சுக்கு வந்து சேர்ந்தாள். "ஆண்டவர் உன் ஜெபத்தைக் கேட்டுட்டாரு. இப்ப வயித்தைக் கேளு. இது மரத்துப்போற ஊசிதான், மயக்கமில்ல. சாப்பிட்டு வரலாம்" என்று சொல்லித் தன் சக்கரைவள்ளிக்கிழங்கைப் பாதி பிட்டுக் கொடுத்தாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை மட்டும் தனியே கூப்பிட்டு, "இதை டாக்டரம்மாகிட்ட மொதல்ல சொல்லு. மறைச்சே, நானே சொல்லிடுவேன்" என்று மிரட்டுவாள்.

பயாப்ஸி என்ற வார்த்தை அவள் வாயில் நுழையாது. சாம்பிள் என்பாள். அவள் புருஷன் முப்பது வருஷம் செம்புச் சுரங்கத்தில் துளை மெஷின் ஓட்டியவர். அந்த ஊரில் அண்ணனோ அப்பனோ புருஷனோ சுரங்கத்தில் இறங்காத பெண் கிடையாது. அதனால் அவள் பேச்சு எல்லோருக்கும் புரியும்.

"மலையைத் தோண்டுறதுக்கு முன்னால என்ன பண்ணுவான்? நீளமாத் துளை போட்டு ஒரு குச்சிக் கல்லை எடுத்துப் பாப்பான். உள்ளே செம்பு இருக்கா, வெறும் பாறையான்னு அந்தக் குச்சி சொல்லிடும். அதான் இதுவும். துளை போட்டதால வெறும் பாறை செம்பா மாறிப் பாத்திருக்கீங்களா? ஊசி பட்டதால கட்டி கெட்டுப்போச்சுன்னு ஊர்ல சொல்றாளுங்க பாரு, அவளுங்களைச் சுரங்கத்துக்கு அனுப்பணும். நெறையப் பேருக்கு வெறும் பாறைதான். சில பேருக்குச் செம்பு இருக்கும். எடுத்துப் பாக்காம எவனாலயும் சொல்ல முடியாது. ஊரெல்லாம் செம்பு கெடைக்கணும்னு கும்புடுது. நீங்க மட்டும் கெடைக்கக் கூடாதுன்னு கும்புட்டுக்கோங்க."

உள்ளே அவள் நிற்கும் இடம் கட்டிலின் தலைமாடு. படுத்திருப்பவளின் ஒரு கை தலைக்கு மேலே மடங்கியிருக்கும். இன்னொரு கை பனா கசோண்டேயின் கைக்குள் இருக்கும். டாக்டரம்மா வாய் திறக்காமல் வேலை செய்வார். இவள் வாய் மூடாமல் சேதி சொல்லிக்கொண்டிருப்பாள்.

"இப்ப ஜில்லுன்னு பசை தடவுவாங்க, படம் தெரியுறதுக்கு. இப்ப கடிக்கும். எறும்புன்னு சொல்ல மாட்டேன், பொய் சொல்லப் பிடிக்காது. குளவி. ஆச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு, குளவி போயிடுச்சு. இனிமே மரத்துப்போயிரும். இப்ப சின்னதா ஒரு கீறல், தெரியாது. இப்ப அழுத்தும். பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தள்ளுற மாதிரி இருக்கும், உன் வீட்டுக் கதவு இல்ல. இப்ப நம்ம ஸ்டேப்ளரு."

டக். ஒவ்வொரு தடவையும் சேமியாத் துண்டு மாதிரி ஒரு இழை வரும். மருந்துத் தண்ணீர் நிரம்பிய குப்பிக்குள் போய் அது மிதக்கும். நாலு, ஐந்து முறை. பிறகு ரத்தம் கட்டாமலிருக்கப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது பனா கசோண்டேயின் பொறுப்பு. அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு ஞானப்பாட்டை எல்லாச் சரணங்களோடும் மூன்று தடவை பாடுவாள். மூன்றாம் தடவைக்குள் படுத்திருப்பவளும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவாள்.

இவ்வளவும் செய்கிறவளுக்கு இன்னொரு கருவி உண்டு. வந்தவர்களிடம் கட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "எந்தக் குடி?" என்று கேட்பாள். பனா கசோண்டே பெம்பாக்காரி. கிழக்கேயிருந்து வந்த ங்கோனிக்காரர்கள் பெம்பாக்காரர்களுக்குக் கேலிமுறை. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம், இப்போது மதினிமார்கள் மாதிரி வாரிக்கொள்ளும். பெம்பாக்காரர்கள் 'எலித்தின்னி' என்பார்கள், ங்கோனிக்காரர்கள் 'குரங்குத்தின்னி' என்பார்கள்; எவ்வளவு கேலி செய்தாலும் கோபம் வரக் கூடாது. கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போனாலும் போலீசுக்குப் போகக் கூடாது, பின்னாலேயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ங்கோனி வீட்டில் சாவு விழுந்தால் பெம்பாக்காரர்கள்தான் முன்னால் நின்று எல்லாம் செய்வார்கள், அழுகிறவர்களைச் சிரிக்கவும் வைப்பார்கள். பெம்பா வீட்டில் ங்கோனிக்காரர்கள். அதனால்தான் வழியில் பார்த்தால் "சௌக்கியமா?" என்பதற்குப் பதில் "இன்னும் சாகலியா? உன்னை நான்தானே புதைக்கணும்!" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

பனா கசோண்டே பதினெட்டு வருஷமாக இந்த ஆயுதத்தை வைத்துக்கொண்டு பெஞ்சில் பயந்து உட்கார்ந்திருந்த எத்தனையோ ங்கோனிப் பெண்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை அது கை தவறியது.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. எஸ்னாத் ஷோங்கா என்று ஒருத்தி வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சந்தையில் காய்ந்த கப்பெண்டா பொடிமீன் விற்கிறவள். இடது மார்பில் ஒரு கட்டி, வேர்க்கடலை விதைத்த சமயத்திலிருந்து. ஸ்டேப்ளர் சத்தத்துக்கு அவள் குதிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மடியில் இரண்டாவது சித்தெங்கே துணியை மடித்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குடிம்மா?"

"ஷோங்கா."

"ஷோங்காவா! அடி ஆத்தே, ங்கோனி! எலித்தின்னி மதினி வந்திருக்கா, பெஞ்சைத் தொடைச்சுப் போடுங்கடி!" பெஞ்சு குலுங்கியது. பனா கசோண்டேக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "பயப்படாத மதினி, நான் இருக்கேன்ல. உன்னை நான்தானே புதைக்கணும். பொட்டிக்குள்ள பொரிச்ச எலி ரெண்டு வெச்சு அனுப்புறேன், போற வழியில பசிக்கும்."

எந்த ங்கோனிக்காரியும் இதைக் கேட்டுச் சும்மா இருக்க மாட்டாள். "போடி குரங்குத்தின்னி" என்றாவது சொல்லுவாள். எஸ்னாத் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டபோது பெஞ்சில் அவள் இருந்த இடத்தில் மடித்த துணியும், அதன்மேல் ஆஸ்பத்திரிச் சீட்டும் மட்டும் இருந்தன.

அன்று மத்தியானம் பனா கசோண்டேக்குச் சோளக்களி இறங்கவில்லை. பதிலுக்குக் கேலி வராத இடத்தில் ஏதோ முறிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சீட்டில் முகவரி என்று "பெரிய சந்தை, மீன் வரிசை" என்று மட்டும் எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

எஸ்னாத் மீன் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பழைய பால்பவுடர் டின்னால் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். பனா கசோண்டே அங்கே செய்தது அவள் வாழ்நாளில் எந்த ங்கோனிக்காரியிடமும் செய்யாத காரியம். சந்தைச் சேற்றில் முழங்கால் போட்டாள். இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டி, பெரியவர்களிடம் பேசுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சுடுங்க."

எஸ்னாத்தின் கையிலிருந்த டின் சரிந்து, பாதி மீன் கீழே சிந்தியது.

"அப்ப முடிஞ்சுபோச்சா?" என்றாள்.

"என்ன முடிஞ்சுது?"

"கேலிமுறைக்காரி கேலி பேசாம முட்டி போட்டா வேற என்ன அர்த்தம்? அன்னிக்கு ஆஸ்பத்திரி ஆளு வாயாலயே புதைக்கணும்னு வந்துது. சீட்டைப் பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சேன். இல்ல, மொறைக்குத்தான் பேசியிருப்பீங்கன்னு நேத்து முழுக்க மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க இப்படி வந்து நிக்கிறீங்க."

பனா கசோண்டேக்கு அப்போதுதான் புரிந்தது. கேலி பேசினது ஒரு தப்பு. மன்னிப்புக் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. அவள் மெதுவாக எழுந்து, கவிழ்த்துப்போட்ட ஒரு கூடையின்மேல் உட்கார்ந்தாள். எஸ்னாத் சிந்தின மீனைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். அவள் அக்காவுக்கும் இதே மாதிரி கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இரண்டே மாதம். புதைத்தது பெம்பாக்காரர்கள்தான், நன்றாகத்தான் சிரிக்க வைத்தார்கள்.

"ஊசி பட்டதும் அது முழிச்சுக்கிட்டு உடம்பு பூரா ஓடிருச்சு" என்றாள்.

"அக்கா எப்ப போனா ஆஸ்பத்திரிக்கு?"

"புண்ணாகி வாடை வந்தப்புறம். அதுவரைக்கும் வேர் அரைச்சுப் பூசிக்கிட்டிருந்தோம்."

"அப்ப ஊசி போய்ப் பாக்குறதுக்கு முன்னாலயே அது முழிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கு? உங்க வீட்டு ஆம்பளைங்க சுரங்கத்துல இல்லியா? துளை போட்டவனா செம்பைக் கொண்டுபோய் வெச்சான்?"

எஸ்னாத் யோசித்தாள். யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. எனக்குக் காலு வரமாட்டேங்குது. போயிட்டு வாங்கம்மா."

அந்த 'போயிட்டு வாங்கம்மா' என்கிற மரியாதை பனா கசோண்டேயின் நெஞ்சில் போய்க் குத்தியது. மதினி என்று சொல்ல வேண்டியவள் அம்மா என்கிறாள். இனி நியாயம் பேசிப் பயனில்லை, முட்டி போட்டும் பயனில்லை. முறையில் பட்ட காயத்துக்கு முறைதான் மருந்து என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்தாள். கொண்டுவந்த துணியை மீன்மேல் போட்டாள். எஸ்னாத்தின் கையிலிருந்த டின்னை வெடுக்கென்று பிடுங்கினாள். ஓடினாள்.

ஐம்பத்திரண்டு வயதில், அந்த உடம்போடு, தக்காளி வரிசைக்கும் வெங்காய வரிசைக்கும் நடுவே ஒருத்தி டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சந்தை சும்மா இருக்குமா? "பிடிடி, பிடிடி" என்று ஒரு பக்கம், "ஓடு தாயே" என்று ஒரு பக்கம். எஸ்னாத் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏய்! என் டின்னு! அடி குரங்குத்தின்னி, என் டின்னைக் குடுடி!"

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பனா கசோண்டே வெங்காய மூட்டைமேல் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். "டின்னா இது? அடியைத் தட்டி மேல தூக்கி வெச்சிருக்கியே, எலித்தின்னி! வேணும்னா வந்து வாங்கிக்கோ! வியாழக்கிழமை, ஒன்பதாம் நம்பர்!"

சந்தையில் யாரும் குறுக்கே வரவில்லை. பெம்பாக்காரி பறித்ததை ங்கோனிக்காரி போய்த்தான் வாங்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

வியாழக்கிழமை டின் ஒன்பதாம் நம்பர் அறையின் அலமாரியில், பஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் இனோங்கே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பனா கசோண்டே, மீன் நாத்தம் வருது."

"சொந்தக்காரி வருவா, டாக்டரம்மா. கேலிமுறை."

டாக்டரம்மா மேற்கேயிருந்து வந்த லோசிக்காரர். அவருடைய கேலிமுறைக்காரர்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. ஆனால் ஒருதடவை அந்த முறையில் டோங்காக்காரி ஒருத்தி அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு போய், அவர் வெறுங்காலோடு வார்டைச் சுற்றிய கதை ஆஸ்பத்திரிக்கே தெரியும். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பெஞ்சுக்கு வந்த ஆறு பேரும் முடித்துப் போனார்கள். பனா கசோண்டே வராந்தாவை மூன்றாவது தடவையாகப் பெருக்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. டின்னை விட்டுக்கொடுத்துவிட்டு எஸ்னாத் வேறு டின் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கிக்கொண்டால் அந்தக் கட்டி அவளோடேயே இருக்கும், வளரும், அக்கா மாதிரி ஒருநாள் வாடையோடு வந்து படுப்பாள். அப்போது 'புதைக்கணும்' என்று முதலில் சொன்ன வாய் யாருடையது? டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போகிற சமயத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"டின்னைக் குடு" என்றாள் எஸ்னாத். "அஞ்சு நாளா தட்டுல அளக்குறேன். ஊரே சிரிக்குது."

பனா கசோண்டே அலமாரியிலிருந்து டின்னை எடுத்து, ஏப்ரனில் துடைத்து, கையில் கொடுத்தாள். "இந்தா. உன் டின்னு, நீ வாங்கிக்கிட்ட. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போறதுன்னா போ, மதினி."

எஸ்னாத் டின்னை வாங்கிக்கொண்டாள். போகவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள், கவிழ்த்தாள், நிமிர்த்தினாள்.

"அந்த டக்குன்னு ஒண்ணு காட்டுனியே. இன்னொரு தடவை காட்டு."

டக்.

"இன்னொண்ணு."

ஒன்பது தடவை காட்ட வேண்டியிருந்தது. கட்டிலில் படுக்கும்போதும் எஸ்னாத் டின்னைக் கீழே வைக்க மறுத்துவிட்டாள். அதை வயிற்றின்மேல் வைத்து, ஒரு கையால் அதையும், அதே கையின் இரண்டு விரலால் பனா கசோண்டேயையும் பிடித்துக்கொண்டாள். குளவி கடித்தது, போனது. பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினார்கள். முதல் டக். இரண்டாவது டக். மூன்றாவதில் எஸ்னாத் கண்ணைத் திறந்தாள்.

"குரங்குத்தின்னி, உன் கை இப்படி வேர்க்குதே. படுத்திருக்கிறது நீயா நானா?"

டாக்டர் இனோங்கே சிரித்ததை அன்றுதான் பனா கசோண்டே பார்த்தாள்.

கட்டுப் போட்டு அனுப்பும்போது எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். ஒரு வாரம் நீலமாகக் கன்றியிருக்கும், பயப்பட வேண்டாம். வலித்தால் கொடுத்த மாத்திரையைப் போடலாம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வர வேண்டும். இரண்டு நாளைக்குத் தலையில் சுமை தூக்கக் கூடாது. "மீன் மூட்டையை உங்க பாட்டனா தூக்குவான்?" என்றாள் எஸ்னாத். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்கு வரும் வழியில் சந்தையில் இறங்கி, ங்கோனிக்காரியின் மூட்டையைப் பெம்பாக்காரி தன் தலையில் சுமந்து வந்து இறக்கினாள். சந்தை முழுக்கக் கைதட்டியது. அதை இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

குப்பி பெரிய ஊருக்குப் போய் முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் எஸ்னாத் வரவில்லை. பனா கசோண்டே ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் அவள் பெயரைச் சொன்னாள். எலித்தின்னி என்றே சொன்னதாகக் கேள்வி.

பனா கசோண்டே கவர்களைப் பிரிக்க மாட்டாள், பிரித்தாலும் அந்த எழுத்து அவளுக்குப் படிக்க வராது. ஆனால் டாக்டரம்மாவின் முகத்தை அவள் எட்டு வருஷமாகப் படித்துவருகிறாள். நல்ல சேதி என்றால் டாக்டரம்மா கதவைத் திறந்து தானே கூப்பிடுவார். மற்றதென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முடிவு வந்த அன்று எஸ்னாத் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பனா கசோண்டே கதவிடுக்கால் பார்த்தாள். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கமும் துடைத்தார்.

எஸ்னாத் உள்ளே ரொம்ப நேரம் இருந்தாள். பனா கசோண்டே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு எதிரே நின்றாள். பெருக்கவில்லை. கதவு திறந்தது. எஸ்னாத் கையில் அதே டின், இடுப்பில் அணைத்தபடி.

"செம்பு இருக்குதாம், மதினி" என்றாள்.

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போகும்வரை இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"சின்னதாம். அக்காவோடது மாதிரி இல்லியாம். இப்பவே எடுத்துட்டா, அப்புறம் மருந்தும் ஏத்தினா, நல்லாவே இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. சத்தியம் பண்ண முடியாது, ஆனா நேரத்துக்கு வந்திருக்கேன்னு சொன்னாங்க. அடுத்த மாசம் அஞ்சாந் தேதி ஆபரேஷன்."

பனா கசோண்டே வாயைத் திறந்தாள். பதினெட்டு வருஷத்தில் சேர்த்து வைத்த கேலி எல்லாம் தொண்டைக்கு வந்தது. எதை எடுத்தாலும் அதில் ஒரு சவப்பெட்டி இருந்தது, ஒரு மண்வெட்டி இருந்தது. வேறு பேச்சு அவளுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்து தளும்பியது. இன்னொரு தடவை இவள் முன்னால் முட்டி போட்டுவிடக் கூடாதே என்று துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்னாத் அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து, பனா கசோண்டேயின் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். கடலை முடிச்சைத் தள்ளி, சாவியைத் தள்ளி, ஸ்டேப்ளரை எடுத்தாள். அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டி அழுத்தினாள்.

டக்.

நாலு வருஷமாக ஊரையே குதிக்க வைத்தவள் குதித்தாள். துடைப்பம் கீழே விழுந்தது. எஸ்னாத் ஸ்டேப்ளரை டின்னுக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேணும்னா வந்து வாங்கிக்கோ. அஞ்சாந் தேதி, ஆபரேஷன் ரூம் வாசல்ல. காலையிலயே வந்துரு."

சொல்லிவிட்டு நடந்தாள். அவள் படி வரைக்கும் போன பிறகுதான் பனா கசோண்டேக்குக் குரல் வந்தது.

"ஏய் எலித்தின்னி! அது ரெக்கார்டு ரூம் சாமான்டி!"

எஸ்னாத் திரும்பவில்லை. வலது கையால் டின்னைத் தலைக்கு மேலே தூக்கி, கடகடவென்று ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.